துண்டு வந்தால் ஆள் வந்த கணக்கு

நான் வேலை பார்த்த கணினி மையம் ஆண்டு மலர் போடுகிறது. அதற்கு என்னிடம் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். "ஓய்வு பெற்ற மூத்த பொறுப்பாளர் என்ற முறையில், இளையவர்களுக்கு ஊக்கமூட்டும் வகையில், கசப்பு இல்லாமல்" எழுத வேண்டுமாம். கசப்பு இல்லாமல் என்பதை மட்டும் அடிக்கோடிட்டு அனுப்பியிருக்கிறார்கள். என்னை நன்றாகத் தெரிந்தவர் யாரோதான் அந்தக் கோட்டைப் போட்டிருக்க வேண்டும். பாகற்காயிடம் பாயசம் கேட்கிறார்கள். முடிந்தவரை வெல்லம் போட்டுப் பார்க்கிறேன்.

போன மாதம் மையத்துக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். இப்போது அங்கே இருக்கும் பெண் ஒரு வரி தட்டினாள். வேண்டிய மென்பொருளும் அதன் பரிவாரமும் தானாக இறங்கி, தானாக உட்கார்ந்துகொண்டன. அவள் கையிலிருந்த டீ ஆறக்கூட இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பரிவாரத்தை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துக் கொண்டுவர நான் பஸ்ஸில் அலைந்த அலைச்சலுக்கு யார் பதில் சொல்வது? அதனால்தான் எழுத ஒப்புக்கொண்டேன்.

என் பெயர் ஜெசிந்தா. பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தைத் தாண்டி, மாதா கோயிலைச் சுற்றி இருக்கும் சின்னக் குப்பம் எங்களது. கோயிலை ஒட்டிய கட்டடத்தில் ஒரு அறக்கட்டளை அந்த மையத்தை நடத்தியது. என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பட்டணத்தில் ஒரு வருட டிப்ளமோ. கரும்பலகையில் கணினியை வரைந்து, சுட்டியை எங்கே பிடிக்க வேண்டும் என்று குச்சியால் காட்டினார்கள். அந்தப் படத்தைப் பார்த்தே பாஸ் பண்ணினேன். நிஜ இயந்திரத்தைத் தொட்டது வேலைக்கு வந்த பிறகுதான்.

எங்கள் இயக்குநர் வரதராஜன் சார் கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தமாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் வந்தால் துடைத்ததையே மறுபடி துடைப்பார். மாதத்தில் ஒரு நாள்தான் மையத்துக்கு வருவார். ஆனால் அவர் நாற்காலியின் முதுகில் வெள்ளை டர்க்கித் துண்டு ஒன்று மாதம் முழுவதும் கிடக்கும். அதைத் துவைத்துக் காயவைத்து மடிப்புக் கலையாமல் போடுவது பொறுப்பாளரின் கடமைகளில் ஒன்று. வருகிறவர்கள் அந்தத் துண்டைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். சில பேர் செருப்பைக்கூட வெளியே விட்டுவிட்டு வருவார்கள்.

சாருக்கு ஒரு கொள்கை இருந்தது. மையத்தில் லினக்ஸ் மட்டும்தான். அதிலும் எந்த மென்பொருளையும் ரெடிமேடாக இறக்கக் கூடாது. மூல நிரலிலிருந்து நாமே கட்ட வேண்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மென்பொருளைச் சமைத்துப் பொட்டலம் கட்டியே வைத்திருப்பார்கள், எடுத்து வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அரிசி பருப்பாக வாங்கி வந்து நம் இயந்திரத்திலேயே சமைக்கலாம். இப்படிச் சமைப்பதற்குக் கம்பைல் பண்ணுவது என்று பெயர். சார் சொல்வார், "ஜெசிந்தா, சமையற்கட்டைப் பார்க்காமல் சாப்பிடுகிறவன் அடிமை." சொல்லிவிட்டு, வரும் வழியில் பஜாரில் வாங்கி வந்த இறால் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிப்பார். அவர் கையால் ஒரு நிரலும் கம்பைல் ஆகி நான் பார்த்ததில்லை. கொள்கை அவருடையது, அடுப்பு என்னுடையது.

அந்த அடுப்பில் நான் வெந்த கதைக்கு முன்னால், எங்கள் ஊரின் பாடு பற்றிச் சொல்ல வேண்டும்.

ஏரியில் இறால் ஓடும் நல்ல இடங்களைப் பாடு என்போம். நினைத்தவன் நினைத்த நாளில் அங்கே வலை கட்ட முடியாது. ஒவ்வொரு வீட்டுத் தலைவனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுகள் முறை வைத்துத்தான் இறங்க வேண்டும். பருவம் தொடங்கும்போது சீட்டுக் குலுக்கி அந்த முறையைப் போடுவார்கள். முறை இல்லாத வீட்டுக்கு மற்றவர்கள் கழித்துவிட்ட தண்ணீர்தான்.

குலுக்கல் நடக்கும்போது எல்லாத் தலைக்கட்டும் நேரில் நிற்க வேண்டும். காய்ச்சலில் கிடப்பவன், கல்யாணத்துக்குப் போனவன் தன் துண்டைக் கொடுத்தனுப்பினால் போதும். துண்டு வந்தால் ஆள் வந்த கணக்கு. முறை வரும் நாளிலும் அப்படித்தான். துண்டைப் படகில் கட்டிவிட்டு, வீட்டார் யாரையாவது வைத்து வலையை இறக்கிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. அதை ரொம்ப நல்ல ஏற்பாடாக ஆக்கியவன் சூசை. அவன் துபாய்க்குப் போய் வருஷக்கணக்காகிறது. அவன் துண்டு மட்டும், பெண்டாட்டி துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுக்க, ஒரு குலுக்கலுக்கும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. சூசையைவிட அவன் துண்டு ஒழுங்கு, அது குடித்துவிட்டு வருவதில்லை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

சீட்டுக் குலுக்கும் கை சுத்தமில்லை என்று ஒரு வருஷம் சண்டை வந்தது. மண்டைகள் உடைந்தன. பாதர் நடுவில் வந்து, இனி குலுக்கலைக் கம்ப்யூட்டரே செய்யட்டும், அதற்குச் சித்தப்பா பெரியப்பா கிடையாது என்றார். ஊர் ஒப்புக்கொண்டது. எங்கள் மையத்துக்குத் தன்னார்வலராக வந்திருந்த அரவிந்த் என்ற பையன், பெரியவர்களோடு உட்கார்ந்து விதிகளையெல்லாம் கேட்டு ஒரு நிரல் எழுதினான். தலைக்கட்டுகளின் பெயர்கள் வரிசையாக வரும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டம்: ஒன்று 'ஆள்', இன்னொன்று 'துண்டு'. ஏதாவது ஒன்றில் குறி விழுந்தால்தான் அந்தப் பெயர் குலுக்கலில் சேரும். தன் மடிக்கணினியில் அதை ஓட்டிக் காட்டினான். ஊரே கைதட்டியது. அப்புறம் அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. மூல நிரலை ஒரு பென் டிரைவில் என் கையில் கொடுத்துவிட்டு, "ரொம்ப ஈஸிக்கா, கம்பைல் பண்ணாப் போதும்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான். அந்த வாய்க்குச் சர்க்கரை போடமாட்டேன்.

அந்த நிரலில் பெயர் இருந்தவர்களில் பிரான்சிஸும் ஒருவன். அரவிந்த் போன கொஞ்ச நாளில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனான். மனைவி சகாயம், இரண்டு பெண் பிள்ளைகள். ஆண் பிள்ளை இருந்தால் அவன் கல்யாணம் ஆனதும் தலைக்கட்டு ஆவான். பெண் பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு என்ன வழி என்று ஊரில் யாரும் யோசித்ததில்லை. சகாயம் யோசிக்க வைத்தாள். பஞ்சாயத்தில் வந்து நின்று, "எங்க வூட்டுப் பாடு எங்களுக்கு வேணும் மாமா" என்று கேட்டாள்.

ஊர்த் தலைவர் மைக்கேல் எனக்கும் மாமா முறைதான். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பார். நல்லவர் என்பதால், "கம்ப்யூட்டர் ரெடியாவட்டும்மா. பிரான்சிஸ் பேருதான் அதுக்குள்ள கீதே. அது ஓடட்டும், பாத்துக்கலாம்" என்றார். அதுவரை கடைசியாகக் குலுக்கிப் போட்ட பழைய முறையே ஓடட்டும் என்று முடிவானது. பழைய முறையில் பிரான்சிஸின் நாள் வந்தால் அடுத்தவன் இறங்கிக்கொண்டான். சகாயம் கூடையின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, மற்றவர்கள் கழித்துவிட்ட தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றில் கையால் தடவி இறால் பிடித்தாள். அவள் விரல்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த நிரலை ஓடவைப்பது என் வேலை. அது ஓடாத ஒவ்வொரு நாளும் அவள் அந்தச் சேற்றில் உட்கார்ந்திருந்தாள்.

சரி, நிரல் ஏன் ஓடவில்லை?

எந்த மென்பொருளும் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. எழுத்தை வரைய ஒருவரிடம், படத்தைத் திறக்க இன்னொருவரிடம் என்று அடுத்தவர் செய்து வைத்த பாகங்களைக் கடன் வாங்கும். அந்தப் பாகங்களை லைப்ரரி என்போம். கம்பைல் பண்ணுவதற்கு முன்னால், தேவையானதெல்லாம் வீட்டில் இருக்கிறதா என்று நிரல் ஒரு சுற்றுப் பார்க்கும். இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது என்று திரையில் வரிசையாக ஓடும். நாமும் நம்பி உட்கார்ந்திருப்போம். திடீரென்று ஒரு பெயரைச் சொல்லி, காணோம் என்று நின்றுவிடும்.

அடுத்து எதெது காணோம் என்று சேர்த்துச் சொல்லாது. ஒன்றைக் கொண்டு வந்த பிறகுதான் அடுத்ததைச் சொல்லும். சான்றிதழ் வாங்க அலைந்தவர்களுக்கு இந்தக் குணம் பழக்கம்தான். இணையத்துக்காக மையத்துக் கூரைமேல் வைத்திருந்த ஆன்டெனாத் தட்டில் எப்போதும் ஒரு நீர்க்காகம் உட்கார்ந்திருக்கும். அது பறந்தால்தான் இணைப்பு வரும். ஆகவே ஒவ்வொரு காணோமுக்கும் நான் பொன்னேரிக்குப் பஸ் ஏறி, ஒரு பிரவுசிங் சென்டரில் இறக்கி, பென் டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பினேன்.

கொண்டுவந்த பாகத்தையும் சும்மா வைக்க முடியாது. அதையும் சமைக்க வேண்டும். மூட்டையைப் பிரிக்க வேண்டும், கான்ஃபிகர் என்று தட்ட வேண்டும், மேக் என்று தட்ட வேண்டும், பிறகு இன்ஸ்டால். பாதியில் அந்தப் பாகம் தனக்கு வேறொரு பாகம் வேண்டும் என்று சொல்லும். மாப்பிள்ளை வீட்டாரை அழைக்கப் போனால், மாப்பிள்ளையின் மாமனை முதலில் அழைத்தாயா என்பார்கள் அல்லவா, அதே கதை.

சில சமயம் லைப்ரரி இருக்கும், ஆனால் வயது போதாது என்று நிரல் ஒதுக்கிவிடும். வயது கூடினதைக் கொண்டுவந்து வைத்தால், பழையதை நம்பியிருந்த வேறொன்று படுத்துவிடும். அப்படி ஒருமுறை திரையே கறுத்துப் போய், மையத்துக்கு வந்த பிள்ளைகள் கறுப்புத் திரையில் தலை சீவிக்கொண்டார்கள். இன்னொரு முறை, வெற்றிகரமாகக் கட்டி வைத்த லைப்ரரியையே காணோம் என்றது. கண்ணெதிரே இருக்கிறது, இல்லை என்கிறது. ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு தெரிந்தது: வைத்தால் மட்டும் போதாது, வைத்திருக்கிறேன் என்று இயந்திரத்திடம் தனியாக ஒரு கட்டளை கொடுத்துச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரும் அதே ரகம்தான் என்பதால் எனக்கு அதிர்ச்சியாக இல்லை.

இந்தக் காணோம்களில் ஊரிலேயே சந்தோஷப்பட்டவர் மைக்கேல் மாமா ஒருவர்தான். தினமும் காலையில் வலையைப் பார்த்துவிட்டு நேராக மையத்து வாசலுக்கு வருவார்.

"இன்னா ஜெசி, இன்னிக்கு இன்னா காணோம்?"

"படம் திறக்கிற லைப்ரரி காணோம் மாமா."

"அடடா. பெரிய பொருளா?"

"பெருசுதான்."

"நல்லாத் தேடு. அவசரமே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒலிபெருக்கியில் அறிவிப்பார். "கம்ப்யூட்டருக்குச் சேர வேண்டிய ஒரு பொருள் காணாம போயிருக்கறதால, இந்த மாசமும் பாடு குலுக்கல் தள்ளி வெக்கப்பட்டிருக்குது." அறிவிப்பைக் கேட்டுவிட்டு ஒருவர், படகடியில் கேட்பாரற்றுக் கிடந்த இரும்புப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "இதுவான்னு பாரும்மா" என்றார். பக்கத்து ஊரான பசியாவரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், போலீசில் புகார் கொடுத்தாயிற்றா என்று விசாரித்தார்.

சகாயம் போலீசை நம்பவில்லை. காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அந்தோணியார் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அவர் சிலை இருக்கும் சின்னக் குகை போன்ற கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு முன்னால் என்னிடம் வந்து நின்றாள்.

"அக்கா, காணாம போனதோட பேரு இன்னா? பேரு சொல்லி வேண்டணும்."

ஆங்கிலப் பெயரைச் சொன்னேன். அவள் வாயில் அது நுழையவில்லை. முதல் எழுத்துகளை மட்டும் பிடித்துக்கொண்டாள். "லிப்புனு சொன்னா அவருக்குப் புரியுமா?"

"புரியும்" என்றேன். வேறு என்ன சொல்வது? எனக்கே அவ்வளவுதான் புரிந்திருந்தது. அவள் போன பிறகு எனக்கு அழுகை வந்தது. ரெடிமேடாக இறக்கிக்கொள்ள அனுமதி கேட்டுச் சாருக்குப் போன் செய்தேன். விதவை ஒருத்தியின் பிழைப்பு இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றும் சொன்னேன். மறுமுனையில் சத்தமில்லை, கண்ணாடியைத் துடைக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். "ஜெசிந்தா, விடுதலை என்பது மெதுவாகத்தான் வரும்" என்றார். யாருடைய விடுதலை என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வைத்துவிட்டார்.

அந்தோணியார் லிப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். கடைசியில் இரண்டுதான் பாக்கி. எழுத்தைத் திரையில் வரைவது ஒன்று. எழுத்துகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கோப்பது இன்னொன்று. இரண்டும் இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் ஒழுங்காக வராது. வரைகிறவனைக் கட்டப் போனேன். கோக்கிறவன் எங்கே என்று கேட்டான். கோக்கிறவனைக் கட்டப் போனேன். வரைகிறவன் வராமல் நான் வரமாட்டேன் என்றான். இவனில்லாமல் அவனில்லை, அவனில்லாமல் இவனில்லை. பொன்னேரி பஸ்ஸில் ஏறி இறங்கி இதைத் தீர்க்க முடியாது. என்னிடம் இரண்டு பேரும் இருந்தார்கள், இரண்டு பேரும் படகில் ஏறத்தான் மறுத்தார்கள்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஒரு காலையில் படகடிப் பக்கம் போனேன். அன்று சூசையின் முறை. படகு புறப்படத் தயாராக இருந்தது. குறுக்குப் பலகையில் அவன் துண்டைக் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆள் முழுசாக வரும்வரை காத்திருந்தால் இந்தப் படகு இன்றைக்குக் கிளம்புமா? அவன் சார்பில் ஏதோ ஒன்று வந்திருக்கிறது, அது போதும், வேலையை ஆரம்பி. அவன் வரும்போது வரட்டும்.

செருப்பைக்கூடப் போடாமல் மையத்துக்கு ஓடினேன். கோக்கிறவன் இல்லாமலே வந்து உட்கார் என்று வரைகிறவனுக்கு ஒரு விதிவிலக்குக் கொடுத்துக் கட்டினேன். அரைகுறை ஆள், சரியாகச் சொன்னால் வெறும் துண்டு. அந்தத் துண்டைக் காட்டிக் கோக்கிறவனைக் கட்டினேன். கோக்கிறவனுக்குத் துண்டே போதுமாக இருந்தது, ஏறிக்கொண்டான். அப்புறம் திரும்பி வந்து, இப்போதுதான் கோக்கிறவன் இருக்கிறானே என்று சொல்லி, வரைகிறவனை அழித்து மறுபடி முழு ஆளாகக் கட்டினேன். அதற்குப் பிறகு அரவிந்தின் நிரலை ஓடவிட்டேன். இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது. கடைசிவரை இருக்கிறது. திரையில் எங்கள் ஊர்த் தலைக்கட்டுகளின் பெயர்கள் தமிழில் வரிசையாக வந்து நின்றன. நடுவில் பிரான்சிஸ் பெயரும் இருந்தது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தேன்.

மறுநாள் மைக்கேல் மாமா வழக்கம்போல வந்தார். "இன்னிக்கு இன்னா காணோம்?"

"எல்லாம் இருக்குது மாமா."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "சார் வராம எப்படிம்மா? அவரு பெரிய மனுசன். அவரு முன்னாலதான் நடத்தணும்" என்றார். சாருக்குப் போன் செய்தேன். "ஊர் முதலில் முறைப்படி தீர்மானம் போட்டு அழைக்கட்டும், வருகிறேன்" என்றார் அவர். மாமாவிடம் சொன்னேன். "சார் தேதி குடுக்கட்டும், தீர்மானம் போட்டுடலாம்" என்றார் இவர். வரைகிறவனையும் கோக்கிறவனையும் இப்போதுதான் கரையேற்றிவிட்டு வந்திருக்கிறேன். இவர்கள் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஆனால் இந்த நோய்க்கு மருந்து எனக்குத் தெரியும்.

பாதரிடம் போய், வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு குலுக்கல் என்று நேரடியாக அறிவிக்கச் சொன்னேன். அவர் அறிவித்துவிட்டார். ஊர் கோயில் வாசலில் கூடியது. மையத்துப் புரொஜெக்டர் வழியாக, பந்தல் நிழலில் இருந்த வெள்ளையடித்த சுவரில் பெயர்கள் பெரிதாகத் தெரிந்தன. முன்வரிசையில் சாருக்கென்று ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. மைக்கேல் மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார் வரலியே ஜெசி" என்றார், ஊருக்குக் கேட்கிற மாதிரி. "அவரு இல்லாம ஆரம்பிச்சா மரியாதை இல்ல."

கைப்பையைத் திறந்தேன். மையத்து நாற்காலியிலிருந்து எடுத்து வந்த டர்க்கித் துண்டை எடுத்து, உதறி, காலி நாற்காலியின் முதுகில் மடிப்புக் கலையாமல் போட்டேன்.

"சார் வந்துட்டாரு மாமா."

பின்வரிசையில் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு முன்வரிசைவரை வந்தது. பாதரே வாயைப் பொத்திக்கொண்டார். ஊரே சிரிக்கும்போது தலைவர் மட்டும் முறைத்தால் நன்றாக இருக்காது. மாமாவும் சிரித்தார். நாற்காலியைப் பார்த்துக் கைகூட எடுத்துக் கும்பிட்டார். "சரி சரி, துண்டு வந்தா ஆள் வந்த கணக்குதான். ஆரம்பி" என்றார்.

பெயர்களைப் படிக்க ஆரம்பித்தேன். கூப்பிட்டவர்கள் கையைத் தூக்கினார்கள். 'ஆள்' என்ற கட்டத்தில் குறி போட்டேன். சூசையின் பெயர் வந்தது. அவன் பெண்டாட்டி இஸ்திரி மடிப்போடு துண்டைக் கொண்டுவந்து வைத்தாள். 'துண்டு' என்ற கட்டத்தில் குறி போட்டேன். அப்படியே போய்க்கொண்டிருந்து, பிரான்சிஸ் பெயருக்கு வந்தேன். மற்றப் பெயர்களைப் போலவே அதையும் சத்தமாகப் படித்தேன்.

"ஆள் இல்லியேம்மா" என்றார் மாமா, மெதுவாக. உண்மையில் வருத்தமாகத்தான் சொன்னார். "அடுத்த பேரு படி."

நான் அடுத்த பெயரைப் படிக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து சகாயம் எழுந்து வந்தாள். முக்காட்டை விலக்கி, தோளில் கிடந்ததை எடுத்தாள். பச்சைக் கட்டம் போட்ட துண்டு. பிரான்சிஸ் தலையில் கட்டியிருந்து ஊரே பார்த்த துண்டு. சாரின் வெள்ளைத் துண்டு கிடந்த நாற்காலிக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். இப்படிச் செய்யப்போகிறாள் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. சாரின் துண்டைப் பார்த்த பிறகுதான் பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பி அதை எடுத்துவரச் செய்தாள் என்று அப்புறம் தெரிந்தது.

"இது எங்க வூட்டுக்காரரு துண்டு" என்றாள்.

மாமா எழுந்துவிட்டார். "சகாயம், இன்னா இது? துண்டு திரும்பி வர ஆளுக்குத்தாம்மா."

"சூசையண்ணன் எப்ப திரும்பி வருவாரு மாமா?"

"எப்பனா வருவான். அவன் துபாய்ல கீறான்."

"எங்க வூட்டுக்காரரும் எப்பனா வருவாரு. செத்தவங்க எல்லாம் எழுந்து வருவாங்கனு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கோயிலுக்குள்ள விசுவாசப் பிரமாணத்துல மொத ஆளா சத்தமா சொல்றது நீங்கதானே மாமா? இப்பக்கூட அரைமணி நேரம் முன்னால சொன்னீங்களே. நான் பின்னால நின்னு கேட்டுகினுதான் இருந்தேன்."

சொல்லிவிட்டு அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. இரண்டு பெண் பிள்ளைகளும் வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். மாமா பாதரைப் பார்த்தார். ஊரே பாதரைப் பார்த்தது. பாதர் நிதானமாக அங்கியைச் சரிசெய்துகொண்டார்.

"அதுல ஒரு சந்தேகமும் இல்லை மைக்கேல்" என்றார்.

மாமா இல்லை என்று சொன்னால் விசுவாசம் போச்சு. ஆமாம் என்று சொன்னால் பாடு போச்சு. கோயில் வாசலில் நின்றுகொண்டு அவர் விசுவாசத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். நெற்றி வியர்வையைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டு, "போடும்மா குறியை" என்றார். நான் போட்டேன். என் வேலைக்காலம் முழுவதிலும் அவ்வளவு அழுத்தமாக ஒரு சுட்டியை நான் அழுத்தியதில்லை.

குலுக்கலில் அவள் வீட்டுக்கு முதல் முறையொன்றும் வரவில்லை. பின்னால்தான் வந்தது, காற்று சரியில்லாத நாளில். அண்ணன் மகன்களை வைத்து வலை இறக்கினாள். பச்சைத் துண்டைப் படகில் கட்டியிருந்தாள். அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள் என்று சொல்லமாட்டேன். ஆனால் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்வது அந்த வருஷத்தோடு நின்றது.

சார் அடுத்த மாதம் வந்தார். மூலத்திலிருந்தே கட்டி முடித்த சாதனையைப் பற்றி இரண்டு கூட்டங்களில் பேசினார். பேச்சில் நான் இல்லை. நாற்காலியைப் பார்த்து, "என் துண்டு எங்கே?" என்று கேட்டார். ஊர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் இல்லாமல் அடுத்த வருஷம் குலுக்கல் நடத்துவது மரியாதை இல்லை என்று மைக்கேல் மாமா தன் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டார். சாருக்குப் புதுத் துண்டு வாங்கிக் கொடுத்தோம்.

சூசை போன வருஷம் துபாயிலிருந்து நிஜமாகவே வந்துவிட்டான். பிரான்சிஸ் இன்னும் வரவில்லை. அவன் துண்டும் இத்துப் போய், இந்த வருஷக் குலுக்கலுக்குச் சகாயம் புதிதாக ஒன்று வாங்கிக் கொண்டுவந்திருந்தாள். மைக்கேல் மாமாவுக்கு வயதாகிவிட்டது. ஆனாலும் என்ன காணோம் என்று தேடும் பழக்கம் போகவில்லை.

"இது அவன் துண்டு இல்லியேம்மா, புதுசாக் கீதே" என்றார்.

"எழுந்து வரும்போது பழசையா கட்டிக்குவாரு?" என்று கேட்டுவிட்டு, சகாயம் அதை விரித்து வைத்தாள்.